வியாபார டேட்டாபேஸும் புதுப்பிக்கும் செலவும்

(மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவரில் கடையும் மண்டியும் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்வியொன்றைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். சரக்கிருப்பு, பாக்கி, வரவு செலவு யாவும் அடங்கிய டேட்டாபேஸ் மென்பொருளைப் பழையபடியே வைத்துக்கொள்வதா, பெரும்பொருள் கொடுத்துப் புதிய பதிப்புக்கு மாறுவதா என்பதே அது.

விலைச்சீட்டை மாத்திரம் கண்டு இதனை நிச்சயிக்கலாகாது. பழைய விவரங்களைப் புதியதற்கு மாற்றும் கூலியும், சிப்பந்திகள் பழகும் காலமும், சில நாள் இரண்டிலும் பதிய நேரும் இரட்டை வேலையும் அச்சீட்டில் காணப்படமாட்டா.

லாபத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று குமாஸ்தாக்கள் நாள்தோறும் அரைமணி நேரம் திரையைப் பார்த்துக் காத்திருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். 300 வேலை நாட்களில் 450 மணி. மணிக்கு 100 ரூபாயென்றால் வருஷத்துக்கு 45,000 ரூபாய் நஷ்டம். இதனைத் தவிர்க்க 2 லக்ஷம் ரூபாய் செலவிட்டால், போட்ட முதல் திரும்பிவர ஏறக்குறைய நாலரை வருஷம் ஆகும். அன்றியும், தாமதத்துக்குக் காரணம் பதிப்பின் பழமைதானா என்று முதலில் விசாரிக்க வேண்டாமா? பேரேட்டின் முகப்பில் பெயர் அட்டவணை இல்லாவிடில், ஒருவருடைய பற்று வரவைக் காணப் பக்கம் பக்கமாகப் புரட்ட நேரிடும். டேட்டாபேஸிலும் இண்டெக்ஸ் என்னும் அட்டவணை உண்டு. அது சரிவர அமையாமையே பல இடங்களில் தாமதத்துக்கு ஹேதுவாகிறது. தேர்ந்த ஒருவர் ஓரிரு நாளில் அதனைச் சீர்செய்துவிடக் கூடும். விற்க வந்தவர் இதனைத் தாமாகச் சொல்வாரென்று எதிர்பார்ப்பதற்கில்லை!

பாதுகாப்பு விஷயமோ வேறு. அங்கே கூலிக் கணக்குச் செல்லாது. மைக்ரோஸாப்ட் எஸ்.க்யூ.எல். ஸர்வரின் 2014-ம் வருஷத்துப் பதிப்புக்குத் தனிக்கட்டணமின்றிக் கிடைத்துவந்த திருத்தங்கள் 2024 ஜூலை 9-ந் தேதியோடு நின்றன. திருத்தம் பெறாத மென்பொருளுக்கு நேரக்கூடிய கதியை உலகம் முன்பே கண்டிருக்கிறது. 2003 ஜனவரி 25-ந் தேதி ‘ஸ்லாமர்’ என்னும் நச்சு நிரல் இதே மென்பொருளின் முந்திய பதிப்பிலிருந்த ஓட்டை வழியே சுமார் 75,000 யந்திரங்களைப் பற்றியது. பெரும்பாலானவை பத்தே நிமிஷத்தில் வீழ்ந்தன. அவ்வோட்டைக்குரிய திருத்தம் ஆறு மாதத்துக்கு முன்னரே வெளிவந்திருந்தது. அதனைப் போட்டுக்கொள்ளாதவரே அகப்பட்டனர். திருத்தமே வெளிவராத பதிப்பை இண்டர்நெட்டோடு இணைத்து வைத்திருப்பவருக்கு அந்த வழியும் இல்லை. அவர் மாறியே தீர வேண்டும்.

ஆனால் அவசரப்படலாகாது. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டி.எஸ்.பி. பாங்கி தன் கணக்குகள் அனைத்தையும் ஒரே வாரக்கடைசியில் புதிய அமைப்புக்கு மாற்றிற்று. லக்ஷக்கணக்கானோர் தங்கள் கணக்கைக் காண முடியாது தவித்தனர். 2022 டிசம்பரில் 4 கோடியே 86½ லக்ஷம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது.

ஆகவே, முதலில் ஒரு பிரதியை வேறு யந்திரத்தில் ஏற்றி, சென்ற வருஷத்து ஐந்தொகையும் சரக்கிருப்பும் பைசா பிசகாமல் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். பழையதற்குத் திரும்பும் வழியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தீபாவளி வியாபார காலத்திலும், மார்ச்சு மாதக் கணக்கு முடிவிலும் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். விலைச்சீட்டு கையில் வைத்திருப்போர் கூட்டம் கலைந்தபின் சற்றே தங்கினால், சேர்ந்து கணக்கிட்டுப் பார்க்கலாம்.