அம்மா வீட்டு வியாதியை மறைக்காதீங்க

முசரவாக்கத்திலிருந்து வந்திருக்கேன். நான் பத்தாவதுதான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

என் சின்னவனுக்கு ஒண்ணரை வயசு ஆனப்போ, இனிமே குழந்தை வேண்டாம்னு நானும் எங்க வீட்டுக்காரரும் முடிவு பண்ணோம். ஆபரேஷன்னா எனக்குப் பயம். பக்கத்து வீட்டு அக்கா சாப்பிடுற கருத்தடை மாத்திரையையே மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டேன். யாரையும் கேட்கலை. மூணாவது அட்டையில் தலைவலி வந்தது. தறிச் சத்தம்தான்னு விட்டுட்டேன்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த திட்டம். அதில் வீடு வீடா வர்ற அக்காக்கள் நம்ம குழுப் பெண்கள்தான். எங்க மாமியாருக்கு பிரஷர் பார்க்க வந்த அக்கா எனக்கும் பார்த்தாங்க. 150-க்கு 100. "நாளைக்கே ஆஸ்பத்திரி போ"ன்னாங்க.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா கேட்டாங்க: "உங்க அம்மா வீட்ல யாருக்காவது காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, மார்புல புற்றுநோய் இருந்துச்சா?"

"யாருக்கும் இல்லைங்க"ன்னு சொன்னேன். பக்கத்துல மாமியார் இருந்தாங்க.

ஆனா என் தம்பி பிறந்தப்போ எங்க அம்மாவுக்குக் காலில் ரத்தம் உறைஞ்சு ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாங்க. எங்க பெரியம்மா மார்புப் புற்றுநோய்க்குக் காரைப்பேட்டை அண்ணா ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தாங்க. என் கல்யாணத்தப்போ, "வாயைத் திறக்காதே, வியாதிக்கார வீடும்பாங்க"ன்னு அம்மா சொன்னாங்க. என் தங்கச்சிக்கும் அப்போ வரன் பார்த்துட்டிருந்தோம்.

நர்சம்மா என் முகத்தைப் பார்த்துட்டு, மாமியாரை மாத்திரை வாங்க அனுப்பினாங்க. அப்புறம்தான் எல்லாத்தையும் சொன்னேன்.

டாக்டரம்மா விளக்கினாங்க. இந்த மாத்திரை நிறைய பேருக்கு ஒத்துக்கும். பெரியம்மாவுக்குப் புற்றுநோய்னு அதை வச்சு மட்டும் வேண்டாம்னு சொல்லமாட்டாங்க. தனக்கே வந்தவங்கதான் சாப்பிடக்கூடாது. அம்மாவுக்கு ரத்தக்கட்டு வந்தது யோசிக்க வேண்டிய விஷயம். ஏன்னா இதில் இருக்கிற ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். அதோட பிரஷரும் இருந்தா இது உனக்கு வேண்டாம்னாங்க. ஹார்மோன் இல்லாத வழியும் இருக்கு: காப்பர்-டி, வாரம் ஒரு தடவை சாப்பிடுற 'சாயா' மாத்திரை, ஆணுறை. சாயா முதல் மூணு மாசம் வாரம் ரெண்டு, அப்புறம் ஒண்ணு. அதுவும் எல்லாருக்கும் ஒத்துக்காது, கேட்டுத்தான் சாப்பிடணும்.

நான் பத்து வருஷ காப்பர்-டி போட்டுக்கிட்டேன். முதல் சில மாசம் தூரம் கொஞ்சம் அதிகமா பட்டது, இப்போ சரியாயிடுச்சு. பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடறேன்.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரர்கிட்டயும் மாமியார்கிட்டயும் உண்மையைச் சொன்னேன். மாமியார் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "எங்க அம்மாவும் பக்கவாதத்துலதான் போனாங்க, நாங்களும் சொல்லலையே"ன்னாங்க. என் தங்கச்சிக்கும் விஷயத்தைச் சொல்லி, அவளையும் பிரஷர் பார்க்க வச்சேன்.

அக்கா தங்கச்சிகளே, கடன் நோட்டுல ஒரு ரூபா விடாம எழுதறோம். அதே மாதிரி அம்மா வீடு, அப்பா வீடு ரெண்டுலயும் யாருக்கு என்ன வியாதி, எந்த வயசுலன்னு ஒரு பக்கம் எழுதி வைங்க. மாத்திரை ஆரம்பிக்கும் முன்னாடி பிரஷர் பாருங்க. பால் கொடுக்கறீங்களா, ஒத்தைத் தலைவலி இருக்கான்னும் சொல்லுங்க. மாத்திரை சாப்பிடறப்போ ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலும், திடீர்னு மூச்சு முட்டினாலும், நெஞ்சு வலிச்சாலும், கண் மங்கினாலும் உடனே ஆஸ்பத்திரி போங்க.

சம்பந்தம் பேசறவங்ககிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். நர்சம்மாகிட்ட மட்டும் மறைக்காதீங்க.