சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம்



நேற்று நீங்கள் எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். படுக்கையறையிலிருந்து குசினி, குசினியிலிருந்து கராஜ், அங்கிருந்து காருக்குள். வேலையிடத்தில் கார் நிறுத்துமிடத்திலிருந்து கதவு வரை. மாலையில் அதே வழியால் திரும்பி வந்து ரிவிக்கு முன்னால் கதிரை. விட்பியில் இருக்கிற எங்களில் பலருக்கு ஒரு நாள் இப்படித்தான் முடிகிறது. பால் வாங்கக் கார், பிள்ளையை வகுப்புக்கு இறக்கக் கார், ஜிம்முக்குப் போய் ஓடும் பட்டியில் ஏறி நடப்பதற்கும் கார்!

எங்கள் ஆட்கள் சோம்பேறிகள் அல்ல. 1983க்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்தவர்களில் பலர் முதலில் வெலஸ்லி, பார்லிமென்ற் தெருக்களின் பக்கம் அடுக்குமாடிகளில் நெருக்கியடித்து இருந்தார்கள். கார் இல்லை. சப்வே படி ஏறி இறங்கி, இரண்டு கையிலும் சாமான் பைகளோடு பனியில் நடந்தார்கள். பிறகு ஸ்காபரோ, அங்கேயும் பஸ் தரிப்பிடத்துக்காவது நடை இருந்தது. அதற்குப் பிறகு மார்க்கம், ஏஜாக்ஸ், விட்பி என்று வீடு தேடி வந்தோம். வீடு பெருத்தது, நடை சிறுத்தது. ஊரில் கிணற்றில் தண்ணீர் அள்ளினோம், உரலில் மா இடித்தோம், சைக்கிளில் சந்தைக்குப் போனோம். அதை ஒருவரும் உடற்பயிற்சி என்று சொல்லவில்லை. அது சீவியத்தோடு ஒட்டியிருந்தது.

நான் வைத்தியர் அல்ல. முதியவர்களைப் பராமரிக்கும் பி.எஸ்.டபிள்யூ வேலையில் பதினாறு வருடமாக இருக்கிறேன். வைத்தியர்கள் இரத்தப் பரிசோதனையைப் பார்க்கிறார்கள். நாங்கள் பார்ப்பது வேறொன்று: கதிரையிலிருந்து தானாக எழும்பக்கூடியவர் யார், எழும்ப முடியாதவர் யார். எண்பது வயதில் தானாக எழும்பி மலசலகூடம் போய்வரும் ஒருவருக்கு இருக்கிற மானமும் நிம்மதியும் சொல்லி விளங்காது.

இன்னொரு காரணமும் உண்டு. என்னுடைய மூத்த அண்ணா 1987இல் இங்கே வந்தவர். பகலில் தொழிற்சாலை, இரவில் உணவகம் என்று இரண்டு வேலை செய்து எங்கள் நாலு பேரையும் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவர். செல்லடிக்குத் தப்பினார், கொழும்பில் பிடிபட்டுத் தப்பினார். 2014இல், 51 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். சீனி வருத்தம் அவருக்கு எப்போது தொடங்கியது என்றே எங்களுக்குத் தெரியாது. இப்படி ஒரு மரண வீட்டுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு என்று நினைக்கிறேன்.

இது விதி என்று சொல்லி விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல. ஒன்ராறியோவில் வாழும் பல இனத்தவரையும் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. அதன்படி வெள்ளையருக்குச் சீனி வருத்தம் கண்டுபிடிக்கப்படும் நடு வயது 58. தென்னாசியர்களுக்கு 49. எடையையும் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. வெள்ளையருக்கு 30 ஆகும்போது வருகிற அதே ஆபத்து, எங்களுக்கு 24இலேயே வந்துவிடுகிறது. 24 என்றால் பார்வைக்குக் குண்டு அல்ல. கண்ணாடியில் பார்த்தால் நல்ல உடம்புதான். அதனால்தான் “நான் மெலிவுதானே” என்று சொல்கிறவர்களைப் பற்றியும் எனக்குக் கவலை. இடுப்புச் சுற்றளவு தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80க்கும் கீழே இருப்பது நல்லது. வீட்டில் தையல் நாடா இருந்தால் இன்றைக்கே அளந்து பார்க்கலாம்.

இனி நல்ல செய்தி. அது எங்கள் ஆட்களிடமிருந்தே வந்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு, சீனி வருத்தத்தின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் வரை கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டது. வழமைபோல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நாளுக்கு அரை மணி நேரமாவது சுறுசுறுப்பாக நடக்கவும், சீனி, எண்ணெய், மாப்பொருளைக் குறைக்கவும் சொல்லப்பட்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. சோறு, இட்லி, தோசை சாப்பிடுகிற ஊரில் கிடைத்த முடிவு இது. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு: பலன் பெற்றவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. தராசு அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடந்திருக்கிறது. இரண்டு கிழமை நடந்துவிட்டு, “ஒரு இறாத்தல்கூடக் குறையவில்லை” என்று சப்பாத்தைக் கழற்றி வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரை மணி நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அதை ஒரே தடவையில் செய்ய வேண்டியதில்லை. சாப்பிட்ட பிறகு நடக்கும்போது தசைகள் இரத்தத்தில் ஏறுகிற சீனியை இழுத்து எரிக்கின்றன. 2013இல் அமெரிக்காவில் அறுபது வயதுக்கு மேற்பட்ட பத்துப் பேரை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடந்தது, ஒரேயடியாக 45 நிமிடம் நடந்ததற்கு ஈடாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சீனியைக் குறைப்பதில் அதைவிட நன்றாகவும் இருந்தது. எங்கள் வீடுகளில் பெரிய சாப்பாடே இரவு ஒன்பது மணிக்குத்தான். புட்டும் கறியும் சாப்பிட்டுவிட்டு நேரே படுக்கை. அந்த இடத்தில்தான் பத்து நிமிடம் வேண்டும்.

நாங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். எனக்கு 48 வயதில் சீனி விளிம்பில் நிற்கிறது என்று குடும்ப வைத்தியர் சொன்னார், ஏ-வன்-சி 6.2. அன்றிலிருந்து இரவுக் கோப்பை கழுவிய கையோடு நானும் கணவரும் வீட்டைச் சுற்றியுள்ள தெருவில் ஒரு சுற்று. அவ்வளவுதான். உடுப்பு மாற்றுவதில்லை. கோப்பை கழுவுவது எப்படியும் நடக்கும், அதன் வாலில் நடையைக் கட்டிவிட்டோம். முதலில் கணவர் முணுமுணுத்தார். இப்போது நான் பிந்தினால் அவர்தான் சப்பாத்தோடு கதவடியில் நிற்கிறார். ஒன்றரை வருடத்தில் அது 5.8க்கு இறங்கியது. வெள்ளைச் சோற்றையும் குறைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு பழக்கம் ஊற எவ்வளவு காலம் எடுக்கும்? 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். லண்டனில் 96 பேரைக் கவனித்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. அதில் நடுக்கணக்கு 66 நாள். ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 என்று வித்தியாசம் இருந்தது. இடையில் ஒரு நாள் தவறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்றும் கண்டார்கள். ஆகவே ஒரு நாள் கலியாண வீடு, ஒரு நாள் ஓவர்ரைம் என்று விடுபட்டால் அடுத்த நாள் தொடருங்கள்.

“தங்கச்சி, நான் எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்கிறேன், இதற்கு மேல் என்ன நடை?” என்று ஓர் அண்ணா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஒரே இடத்தில் நிற்பது வேறு, மூச்சுச் சற்று வாங்கும்படி நடப்பது வேறு. இதயம் கேட்பது இரண்டாவதை. அப்படிப்பட்டவருக்கு இடைவேளையில் ஐந்து நிமிட வேக நடை போதும், மிச்ச நேரம் காலை ஆற விடட்டும். ட்ரக்கும் ரக்சியும் ஓட்டுகிற தம்பிமாரைப் பற்றித்தான் எனக்குக் கூடக் கவலை. 1953இல் ஜெரி மொரிஸ் என்ற வைத்தியர் லண்டன் இரட்டைத் தட்டு பஸ்களைப் பார்த்தார். நாள் முழுக்க இருக்கிற சாரதியைவிட, படி ஏறி இறங்கி ரிக்கற் கொடுத்த நடத்துநருக்கு இதய நோய் குறைவு. ஒரே பஸ், ஒரே சம்பளக்காரர், ஒரே புகை! வித்தியாசம் அந்தப் படிகள்தான்.

வீட்டிலிருக்கும் அம்மா, மாமிமாருக்கு நான் சொல்வது கதிரைப் பயிற்சி. கனடாவின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி கிழமைக்கு 150 நிமிட அசைவோடு, இரண்டு நாளாவது தசைகளைப் பலப்படுத்தச் சொல்கிறது. அதற்கு இரும்பு தூக்க வேண்டியதில்லை. சுவரோடு சாத்திய உறுதியான கதிரையில் இருந்து, முடிந்தால் கை ஊன்றாமல், எழும்பி இருக்க வேண்டும். என் மாமிக்கு 78 வயது. சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் ஐந்து தரம். தொடக்கத்தில் இரண்டோடு களைத்தார். இப்போது விளம்பரம் குறைவாக வருகிறது என்று குறைப்படுகிறார்.

மாரிகாலம்தான் எங்களுக்குப் பெரிய எதிரி. மார்கழியில் ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடும், தெருவில் ஐஸ். விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதைவிட உள்ளே நடப்பது புத்தி. விட்பியில் 2012இல் திறந்த அபிலிற்றீஸ் சென்ரரில் உள்ளே நடப்பதற்குத் தடம் இருக்கிறது. ஓஷாவா சென்ரர் போன்ற பெரிய கடைத்தொகுதியில் இரண்டு சுற்றுப் போட்டாலும் போதும், பேர்ஸை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அதுவும் இல்லையென்றால் பேஸ்மென்ற் படி. கோடையில் ஏரிக்கரைப் பாதை இருக்கிறது. லிண்ட் ஷோர்ஸ் பக்கம் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போனால், குருவி பார்க்கும் சாட்டில் நீங்களும் நடந்துவிடுவீர்கள்.

இன்சுலினோ சீனியைக் குறைக்கும் குளிசையோ எடுப்பவர்கள், புதிதாக நடக்கத் தொடங்குமுன் வைத்தியரிடம் கேளுங்கள். சட்டைப் பையில் இரண்டு இனிப்பு வைத்திருங்கள். உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள், பழைய காயத்தில் கால் நோகிறவர்கள் நோவுக்கு மேலாக நடக்க வேண்டாம். இருந்தபடியே கை கால் அசைப்பதும் கணக்கில் சேரும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், வழமையில்லாத வியர்வை வந்தால், வாய்வு என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடக்காமல் அங்கேயே நின்று 911ஐ அழையுங்கள்.

அடுத்த மாதம் இதே நேரத்தில், சோற்றின் அளவைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.