பிள்ளையின் நிறையைப் பார்க்கிறோம், தாயைக் கேட்கிறோமா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிரசவத்துக்குப் பின் தாய்மாருக்கு வரும் மனச்சோர்வு பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். நூற்றாண்டு விழாவில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். எங்களில் பலர் லயத்தில் பிறந்தவர்கள். எங்களைப் பெற்றவர்களைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பிள்ளை பிறந்த முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம்; தானாகவே போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேலும் அது நீடித்தால், பிள்ளை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால், பிள்ளையைத் தூக்கவே மனமில்லாவிட்டால், அது நோய். தோட்டத்தில் இதற்கு வேறு பெயர்கள்: சோம்பல், திமிர், காத்துக்கருப்பு. கோடாங்கியிடம் போவதைப் பற்றி நான் சண்டை பிடிப்பதில்லை. கிளினிக்குக்கு வருவது அதனால் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறதே, அதுதான் என் கவலை.

வேலூருக்கு அருகே கிராமத்துக் கர்ப்பிணிகள் 359 பேரைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் சுமார் 11 வீதம். காரணங்களாகக் கண்டவை: குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்திருக்க மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கைக்கு உதவி இல்லாமை. உடம்புக்குள் நடக்கும் மாற்றத்துக்கும் பங்குண்டு. ஆனால் இந்தப் பட்டியலைப் பாருங்கள், பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பவை.

எங்கள் மலையில் வேலையும் சேர்ந்துகொள்கிறது. 1984இல் தோட்டத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானது. நேரம் சமமாகவில்லை. ஆண்கள் கொடுத்த வேலையை முடித்து மத்தியானத்தோடு இறங்கிவிடலாம்; கொழுந்து எடுப்பவள் மாலை நிறுவை முடியும்வரை மலையில்தான். பிறகு தண்ணீர்ப் பீலி, விறகு, அடுப்பு. பிரசவ விடுமுறை 84 நாள். 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை மூன்றாவது பிள்ளையிலிருந்து அது 42 நாளாக இருந்தது. ஆண்பிள்ளை வேண்டுமென்று மூன்றாவதும் பெறவைக்கப்பட்டவளுக்குப் பாதி ஓய்வு! பால் கொடுக்க வேலை நேரத்தில் இடைவேளை சட்டத்தில் உண்டு. ஆனால் தூரத்து மலையிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு ஏறி இறங்கினால் கொழுந்து குறைகிறது, பேர் அரைப்பேராகிறது என்று தாய்மார் சொல்கிறார்கள். மார்பில் பால் கட்டிக்கொண்டே கூடையைச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவதும் பெண்ணாகப் பெற்ற ஒரு தாய் வந்தாள். ஓரகத்திக்கு மகன் பிறந்தபோது கோழியடித்துக் காயமருந்து கொடுத்த வீட்டில் இவளுக்கு ரசமும் சோறும். புருஷன் பிள்ளைக்குப் பெயர்கூட யோசிக்கவில்லை. மாமியாரையும் அவரையும் கூப்பிட்டு, இந்தக் கல்லூரியின் விஞ்ஞான வகுப்பில் படித்ததைத்தான் சொன்னேன்: ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தம் தகப்பனிடமிருந்து வருகிறது. மாமியார் மகனைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஆனால் அந்த அம்மாவைக் கெட்டவராக எண்ணிவிடாதீர்கள். தானும் இரண்டு பெண்கள் பெற்றபோது இப்படித்தான் என்று பிறகு தனியே சொல்லி அழுதார். அவரை அன்று யாரும் கேட்கவில்லை.

தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மாத்திரை எழுதினேன். தண்ணீரும் விறகும் புருஷன் பொறுப்பு, இரவில் ஒரு தடவை பிள்ளையைப் பார்ப்பது மாமியார் பொறுப்பு என்றும் சொன்னேன். சில மாதங்களில் தேறினாள். மாத்திரை மட்டும் கொடுத்திருந்தால் இவ்வளவு தேறியிருப்பாளா என்பது சந்தேகம்.

எடின்பரோ அளவீடு என்று பத்துக் கேள்விகள் உண்டு. 1987இல் உருவானது, தமிழிலும் இருக்கிறது. ஐந்து நிமிடம் போதும். ஆனால் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எல்லாப் பதிலும் "நல்லா இருக்கேன்"தான். தனியே கேட்க வேண்டும்.

ஆசிரியைகளாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்து வயதுப் பிள்ளை திடீரென்று வாரக்கணக்கில் வராவிட்டால், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று விசாரியுங்கள். அம்மா எழும்பமுடியாத வீட்டில் மூத்த மகள்தான் நிறுத்தப்படுகிறாள்; மகன் நிறுத்தப்படுவதை நான் காணவில்லை. உயிரை மாய்க்கும் எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால் காத்திராமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

அந்தக் கேள்வித்தாளின் பிரதிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. மருமகள் அல்லது மகள் பிள்ளைபெற்று வீட்டில் இருப்பவர்கள் முதலில் எடுத்துச் செல்லுங்கள்.