தூரத்து உறவு

(சிலிம் ரிவர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தீபாவளி நெருங்கினால் நம்மிடையே ஒரு பேச்சு எழும். லயத்தில் இருந்த காலத்திலும் சரி, இன்று தாமான் வீடுகளுக்கு வந்த பின்னும் சரி, அந்தப் பேச்சு மாறவில்லை. "என் சித்தப்பா மகன் சிங்கப்பூரிலே பெரிய வேலையில் இருக்கிறான், எங்கள் அத்தை மகள் லண்டனிலே தாதியாக இருக்கிறாள்" என்போம். அடுத்தபடியாக, "எவ்வளவு அனுப்பினார்கள்?" என்று ஒரு கேள்வி வரும். தூரத்துச் சொந்தத்தை நாம் அளக்கும் படி இதுதான். இதைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை. அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவன் பணத்தைப் பெரிதாக நினைப்பதிலே வியப்பில்லை. ஆயினும் ஒரு காசும் அனுப்பாத, இந்த மண்ணை எட்டிப் பார்த்தேயிராத ஓர் உறவுக்காரியைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறோம். அவள் பெயர் வள்ளியம்மை.

எப்படி உறவு என்று கேட்பீர்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு என்று நம் பாட்டன்மார் சொல்லும் ஜில்லாக்கள்தாம், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் ஆளனுப்பிய ஜில்லாக்கள். அண்ணன் நாகப்பட்டினத்திலே பினாங்குக் கப்பல் ஏறினான். தம்பி சென்னையிலே டர்பன் கப்பல் ஏறினான். ஒருவனுக்குக் கங்காணி, மற்றவனுக்கு சர்தார். ஒருவன் கையிலே பால்வெட்டுக் கத்தி, மற்றவன் கையிலே கரும்பு வெட்டும் கத்தி. பங்காளிகள் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதல் கப்பல் டர்பன் துறையை அடைந்தது 1860 நவம்பர் 16-ஆம் நாள். அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டிலே மாதம் 10 ஷில்லிங், ஆண்டுக்கொரு ஷில்லிங் ஏறி, ஐந்தாம் ஆண்டிலே 14 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தவன் ஊர் திரும்ப வேண்டும்; இல்லையேல் மறுபடியும் கைநாட்டு வைத்துத் தோட்டத்துக்கே போக வேண்டும். இரண்டும் வேண்டாம், சுதந்திரமாகப் பிழைத்துக்கொள்கிறேன் என்பவன் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895-லே சட்டம் போட்டார்கள். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டுச் சம்பளத்தைக் கொண்டு கணக்குப் பாருங்கள், நான்கு மாதக் கூலிக்கு மேல் வருகிறது. பிறகு பிள்ளைகள் தலைமீதும் அந்த வரியை ஏற்றினார்கள். வரி என்பது பெயர். ஆளை மறுபடியும் தோட்டத்துக்குள் தள்ளும் தடி அது. கிராணியின் கடன் நோட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தந்திரத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கொடுமை போதாதென்று, 1913 மார்ச்சிலே கேப் நீதிமன்றத்தில் சேர்ல் என்ற நீதிபதி ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு பெறாத கல்யாணம் சட்டப்படி கல்யாணமே அல்ல என்று அதற்குப் பொருள். தாலி கட்டிய நம் தாய்மார் சட்டத்தின் முன்னே மனைவியரல்லர்; அவர்கள் பெற்ற பிள்ளைகள் வாரிசுகளல்லர். வரியைப் பொறுத்தார்கள், சாட்டையைப் பொறுத்தார்கள், இதைப் பொறுக்கவில்லை. காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்திலே பெண்கள் இறங்கினார்கள்.

டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட முதல் கூட்டத்தில் பதினொரு பெண்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், அதிலும் பலர் கைக்குழந்தைக்காரிகள். தம்பி நாயுடுவின் மனைவி வயிற்றிலே பிள்ளையோடு நடந்தார். எல்லை கடந்து நியூகாசில் போய், நிலக்கரிச் சுரங்கத்து லயங்களிலே புகுந்து, "3 பவுன் வரி ஒழியும் வரை வேலைக்குப் போகாதீர்கள்" என்று அவர்கள் தமிழிலே பேசினார்கள். சுரங்கம் நின்றது. அந்தப் பெண்களைப் பிடித்து மூன்று மாதக் கடுங்காவல் போட்டார்கள்.

நம் வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கிலே 1898 பிப்ரவரி 22-இல் பிறந்தவள். தாய் மங்கலத்தம்மாளின் ஊர் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி. அந்த ஊரை வள்ளியம்மை பார்த்ததில்லை. தாயும் மகளுமாகப் போராட்டத்தில் இறங்கி, 1913 டிசம்பரிலே சிறை புகுந்தார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறை. அப்போது அவளுக்குப் பதினாறு வயது நிரம்பவில்லை. உள்ளே போன சில நாட்களிலேயே காய்ச்சல் கண்டது. வெளியே வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். காந்தியடிகள் போய்ப் பார்த்து, சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று கேட்டார். வருத்தமில்லை, மறுபடியும் பிடித்தால் மறுபடியும் போவேன் என்ற பொருளிலே பதில் சொன்னாள். 1914 பிப்ரவரி 22, அவளுடைய பதினாறாவது பிறந்தநாள். அன்று இறந்தாள்.

அதே ஆண்டு ஜூலையிலே 3 பவுன் வரி ஒழிந்தது. நம் கல்யாணங்களும் செல்லுபடியாயின. ஜூலை 15-இல், தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படுவதற்குச் சில நாள் முன், காந்தியடிகள் பிராம்ஃபோன்டீன் கல்லறைத் தோட்டத்திலே அவளுடைய நினைவுக்கல் திறப்பிலே கலந்துகொண்டார். அடுத்த ஆண்டு தில்லையாடிக்கும் போனார். இன்று அங்கே தமிழக அரசு கட்டிய நினைவு மண்டபம் இருக்கிறது. சென்னையிலே கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அவள் பெயர். தபால் தலையும் 2008-லே வந்தது. எல்லாம் நல்லதுதான்.

ஆனால் நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. சுரங்கத்துக்குப் பின்னாலே கடலோரக் கரும்புத் தோட்டங்கள் நின்றனவே, அவற்றை நிறுத்தியவர் யார்? தலைவர்கள் அப்போது சிறையிலே. தோட்டத்துக்குத் தோட்டம் வாய்வழியே செய்தி பரவி, ஆயிரக்கணக்கானோர் கத்தியைக் கீழே வைத்தார்கள். 1913 நவம்பரிலே மவுண்ட் எட்ஜ்கம்ப் முதலிய இடங்களில் துப்பாக்கி வெடித்தது. பச்சையப்பன் செத்தான், செல்வன் செத்தான், இன்னும் சிலர் செத்தார்கள். இவர்களுக்கு மாளிகையுமில்லை, தபால் தலையுமில்லை. வள்ளியம்மையைப் போற்றும்போது இவர்களை விட்டுவிடுவது, கல்யாண வீட்டிலே மாப்பிள்ளையை மட்டும் உபசரித்துவிட்டுப் பந்தல் போட்டவனைப் பட்டினி அனுப்புவதற்குச் சமம்.

நம் ஊர்க் கதையும் அப்படித்தானே இருக்கிறது? 1942 ஜனவரி 7-இல் ஜப்பானிய டாங்கிகள் டுரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை புகுந்து வந்ததைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. எந்தப் படை எங்கே நின்றது என்பது அவற்றிலே எழுதியிருக்கிறது. அந்தச் சாலையோரத் தோட்டங்களிலே அன்று ஒளிந்து கிடந்தவர் பெயர் எத்தனை எழுதியிருக்கிறது? மறு ஆண்டு, மலாயாத் தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையிலே சேர்ந்தார்கள். அவர்களிலும் பலர், வள்ளியம்மையைப் போலவே, இந்தியாவைக் கண்ணால் காணாதவர்கள். சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போனவர்கள் திரும்பவில்லை என்பதோடு பல வீடுகளிலே கதை நின்றுவிட்டது.

நேட்டாலுக்குப் போனவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம் என்று பதிவேட்டிலே எழுதினார்கள். எழுதியவன் நம்மேல் அன்பு கொண்டு எழுதவில்லை. சரக்குக் கணக்கு எழுதுவதுபோல எழுதினான். ஆனாலும் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய பேரப்பிள்ளைகள் தங்கள் கிராமத்தைத் தேடி வருகிறார்கள்.

நம் வீடுகளிலே அந்தப் பதிவேடு பெரியவர்களின் நாக்கிலே இருக்கிறது. தோட்டம் செம்பனையாகிவிட்டது, லயம் இடிந்துவிட்டது, பெரட்டுக்களம் இருந்த இடம் தெரியவில்லை. ஆகவே ஒரு காரியம் செய்திருக்கிறோம். வாசலோரம் மேசை மேலே ஒரு நீளநோட்டுப் போட்டிருக்கிறது. உங்கள் குடும்பத்திலிருந்து கடல் கடந்து வந்தவர், போனவர், போய்த் திரும்பாதவர், யாராயிருந்தாலும் பெயர், ஊர், எந்தத் தோட்டம் என்று எழுதிவிட்டுப் போங்கள். பெண்களின் பெயரை 'இன்னாரின் மனைவி' என்று எழுத வேண்டாம். அவர்கள் பெயரையே எழுதுங்கள். எழுதத் தெரியாத பாட்டிமாருக்காக இரண்டு பிள்ளைகளை அங்கே உட்கார வைத்திருக்கிறோம். தேநீர் ஆறுவதற்குள் முதல் பக்கமாவது நிரம்பட்டும்.