வேகமும் வரம்பும்

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில், ஐயப்பன்தாங்கலுக்கும் குமணன்சாவடிக்கும் இடையே உள்ளது காட்டுப்பாக்கம். அங்கே மாலை வேளையில் சற்று நின்று பாருங்கள். பள்ளிவிட்டு வந்த பிள்ளையின் கையைப் பற்றியபடி ஒரு தாய் சாலையைக் கடக்கக் காத்திருக்கிறாள். வரும் வண்டி எத்துணை விரைவாக வருகிறது என்பதை அவள் கண்ணாலேயே அளந்தாக வேண்டும். அந்த அளவு பிழைத்தால் இரண்டு உயிர்களுக்கு ஆபத்து. வேக வரம்பு என்று நாம் சொல்வது, அத்தகையவருக்கு அரசாங்கம் கொடுக்கும் ஒரு வாக்குறுதியே அன்றி வேறில்லை.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. வேகம் ஒன்றரை மடங்கு ஆகும்போது மோதலின் ஆற்றலோ இரண்டேகால் மடங்கு ஆகிவிடுகிறது. இது இயற்கையின் சட்டம். இதைத் தளர்த்த எந்த அரசாங்கத்தாலும் இயலாது.

மனிதர் வகுத்த சட்டமோ அடிக்கடி மாறுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்படி, உச்ச வேகத்தை மத்திய அரசு வரையறுக்கிறது. பொதுமக்களின் பாதுகாப்புக் கருதி அதனைக் குறைக்கும் உரிமை மாநில அரசுக்கு உண்டு. 2018 ஏப்ரலில் மத்திய அரசு வரம்பை உயர்த்தியது. விரைவுச் சாலைகளில் கார்களுக்கு 120 கிலோமீட்டர், நடுவே பிரிக்கப்பட்ட நான்குவழிச் சாலைகளில் 100 கிலோமீட்டர் என்றாயிற்று. சாலைகளும் எந்திரங்களும் மேம்பட்டுவிட்டன என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 2021-இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் அக்காரணத்தை ஏற்காமல் அந்த அறிவிக்கையை ரத்துச் செய்தது. எந்திரம் மேம்பட்டால் போதுமா, ஓட்டுபவர் மேம்பட வேண்டாமா என்பதே கேள்வி.

நமக்கு மிக அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் நினைவுகூர்வோம். சென்னை மாநகரில் 40 கிலோமீட்டர் என்ற பகல்நேர வரம்பு நெடுங்காலம் ஏட்டளவில் இருந்து வந்தது. அதை மீறாதவர் அரியர். மீறியதற்காகத் தண்டம் கட்டியவர் அவரினும் அரியர். 2023 ஜூன் திங்களில், வேகத்தை அளந்து வண்டி எண்ணையும் படிக்கும் கேமராக்களைக் கொண்டு அதைச் செயற்படுத்தப் போவதாகக் காவல்துறை அறிவித்ததும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் இலகுரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30 எனப் புதிய வரம்புகள் வந்தன.

தளர்த்தியது பிழை என்று நான் கூறவில்லை. எவரும் மதியாத விதி, ஏனைய விதிகளின் மதிப்பையும் கெடுத்துவிடும். ஆனால் நடைமுறைக்கு ஒத்த வரம்பு வேண்டும் என்று கேட்டுப் பெற்றபின், அதையும் மீறுவதற்கு நமக்கு என்ன நியாயம் உண்டு? 2019-இல் திருத்தப்பட்ட சட்டம், வேகம் மிஞ்சும் கார்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. தண்டம் பெரிதாக இருப்பதைக் காட்டிலும் தப்பாமல் வருவதே மனிதரைத் திருத்தும்.

அமெரிக்காவில் 1974-இல், எண்ணெய்த் தட்டுப்பாட்டினால் நாடு முழுமைக்கும் மணிக்கு 55 மைல் என்று வரம்பு வகுத்தார்கள். பெட்ரோலைச் சேமிக்க வந்த விதி அது. அவ்வாண்டு சாலைச் சாவுகளும் குறைந்தன. 1995-இல் அவ்விதியை நீக்கிவிட்டு, முடிவை மாநிலங்களிடமே விட்டார்கள்.

வரம்பை உயர்த்துவதா, குறைப்பதா என்று ஆராய்பவர்கள் பெரும்பாலும் வண்டிக்குள் அமர்ந்து சாலையைப் பார்க்கிறார்கள். ஒருமுறையேனும் இறங்கி, காட்டுப்பாக்கத்தில் அந்தத் தாயின் அருகே நின்று பார்த்துவிட்டு எண்ணைக் குறிக்கட்டும். வண்டி ஓட்டும் நாமும், நம் வீட்டார் அங்கே நிற்பதாக எண்ணிக்கொண்டு வேகத்தைக் குறைப்போமாக.