விலகி நிற்பதும் விலக்கி வைப்பதும்

(பொதுக்காலம் 23-ஆம் ஞாயிறு, 2020 செப்டம்பர் 6 – வானொலி மறையுரை. வாசகங்கள்: எசேக்கியேல் 33:7-9, உரோமையர் 13:8-10, மத்தேயு 18:15-20)



மார்ச் 22-ஆம் நாள் மக்கள் ஊரடங்கு வந்தது. 25-ஆம் நாள் முதல் நாடே அடங்கியது. ஊர்ப்புறத்துச் சிறு கோயில்கள் சில ஜூலையிலேயே திறந்தன. மற்ற ஆலயங்களின் கதவுகள் கடந்த செவ்வாய்க்கிழமை, செப்டம்பர் முதல் நாள்தான் திறந்தன. எண்ணிப் பாருங்கள்: இருபத்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். குருத்தோலை பிடிக்காத குருத்து ஞாயிறு, பாதம் கழுவும் சடங்கு இல்லாத பெரிய வியாழன், மக்கள் இல்லாத பாஸ்கா இரவு. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-ஆம் நாள் கொடியேற்றமும் மக்கள் கூட்டம் இல்லாமலேயே நடந்தது. காவி உடுத்து, 'மரியே வாழ்க' என்று சொல்லி நடந்து போகிறவர்களை இந்த ஆண்டு சாலைகளில் நாம் பார்க்கவில்லை.

இன்று நம்மில் பலர் மீண்டும் ஆலயத்தில் கூடுகிறோம். முகக்கவசம் அணிந்து, ஆறடி தள்ளி அமர்கிறோம். தீர்த்தத் தொட்டி வறண்டு கிடக்கிறது. சமாதானம் சொல்லும்போது கைகொடுப்பதில்லை, கூப்பி வணங்குகிறோம். அது நமக்குப் புதிதும் அல்ல, நம் முன்னோர் வழக்கம்தான். இந்த ஞாயிற்றுக்கென்றே எழுதியதுபோல நற்செய்தி வாசகமும் அமைந்திருக்கிறது. தம் பெயரால் இரண்டு மூன்று பேர் கூடினாலும் அங்கே தாம் இருப்பதாக ஆண்டவர் வாக்களிக்கிறார்.

அன்பார்ந்தவர்களே, இந்த மாதங்களில் 'சமூக இடைவெளி' என்ற சொல்லைக் கேட்காத நாளே இல்லை. உலக சுகாதார நிறுவனமே மார்ச் மாதத்தில் அந்தச் சொல்லை மாற்றிக்கொண்டு, உடல் அளவிலான இடைவெளி என்று சொல்லத் தொடங்கியது. உடல்கள் தள்ளி இருக்க வேண்டும். மனிதர்கள் பிரிந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். நம் தமிழில் இதைச் சொல்ல இரண்டு எளிய சொற்கள் இருக்கின்றன. ஒன்று, விலகி நிற்பது. மற்றொன்று, விலக்கி வைப்பது. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்று அன்பிலிருந்து வருகிறது. மற்றொன்று அன்பு இல்லாத இடத்திலிருந்து வருகிறது.

முதலில், விலகி நிற்பது. 'கோயிலைப் பூட்டியது விசுவாசக் குறைவு இல்லையா சாமி? கடவுள் காப்பாற்ற மாட்டாரா?' என்று பலர் கேட்டார்கள். இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுலடியார் பதில் தருகிறார். பிறருக்குத் தீங்கு செய்யாதிருப்பதே அன்பு, அந்த அன்புதான் திருச்சட்டத்தின் நிறைவு என்கிறார். என் மூச்சே என் பக்கத்தில் இருக்கும் பெரியவருக்கு நோயைக் கொண்டுபோகும் என்றால், தள்ளி நிற்பதுதான் நான் அவருக்குக் கொடுக்க வேண்டிய அன்புக் கடன். திருச்சபை இதை நேற்று கற்றுக்கொள்ளவில்லை. 1576-இல் மிலான் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, அங்கே பேராயராக இருந்த புனித சார்லஸ் பொரோமியோ தெருச் சந்திகளில் பீடம் அமைத்துத் திருப்பலி நடத்தச் செய்தார். மக்கள் தங்கள் வீட்டுச் சன்னல்களில் நின்று பங்கெடுத்தார்கள். அந்தப் பேராயரே நோயாளிகளைத் தேடிப் போனார். மக்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஆனால் ஒருவரையும் தள்ளிவிடவில்லை.

ஆலயம் பூட்டியிருந்தால் விசுவாசம் பட்டுப்போகுமா? நம் அண்டை நாட்டின் கதையைக் கேளுங்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஆலயங்கள் பறிபோயின. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கே இருந்த தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. 1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்னும் குரு தூத்துக்குடியில் படகேறி, ஏழைக் கூலியாளின் கோலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார். யார் கத்தோலிக்கர் என்று வெளிப்படையாகக் கேட்க முடியாது. கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். அந்த மாலையை அடையாளம் கண்டுகொண்ட வீடுகள் இருந்தன! முப்பது ஆண்டுகள் குரு இல்லாமல் அந்தச் செபமாலையை உயிரோடு வைத்திருந்தது யார்? வீட்டில் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்த தாய்மாரும் தகப்பன்மாரும்தான். இரண்டு மூன்று பேர் கூடிய இடத்தில் அவர் இருந்தார்.

இந்த ஐந்து மாதமும் உங்கள் வீடுகளிலும் அதைத்தான் செய்தீர்கள். இரவு உணவுக்கு முன் மறுபடியும் குடும்பச் செபமாலை கேட்ட வீடுகள் பல. தகப்பன் விவிலியம் வாசிக்க, பிள்ளைகள் கேட்ட வீடுகள் உண்டு. ஆலயம் திறந்துவிட்டது என்று அதை நிறுத்திவிடாதீர்கள். அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைப்பேசியில் பார்த்த திருப்பலி பசியைத் தாங்க உதவியது. அது உணவு ஆகாது. ஆசை நன்மை என்பது ஆண்டவருக்காக ஏங்குவது. ஏக்கத்தோடு நின்றுவிட்டால் போதும் என்று இருக்க முடியுமா? நம் அருளடையாளங்கள் தண்ணீரையும் எண்ணெயையும் அப்பத்தையும் தொட்டு நடப்பவை. உடல்நலம் இருந்தும், நாற்காலியில் சாய்ந்தபடி பார்ப்பதே வசதி என்று தோன்றினால், அந்த வசதியைப் பற்றி நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இனி, விலக்கி வைப்பது. லூக்கா நற்செய்தி 17-ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளர்கள் தூரத்தில் நின்று கூவுகிறார்கள். லேவியர் நூல் 13-இல் உள்ள சட்டப்படி அவர்கள் குடியிருப்புக்கு வெளியேதான் இருக்க வேண்டும். நோய் பரவக்கூடாது என்று தொடங்கிய ஒரு விலகல், அந்த மனிதர்களே தீட்டு என்னும் தீர்ப்பாக மாறிப்போனது. இயேசு அவர்களைக் குருக்களிடம் போய்க் காட்டச் சொல்கிறார். ஏன்? குருக்கள் சான்று சொன்னால்தான் அவர்கள் ஊருக்குள் திரும்ப முடியும். ஆண்டவர் அவர்களுக்குத் தோலை மட்டும் கொடுக்கவில்லை. வீட்டையும் தெருவையும் திருப்பிக் கொடுத்தார்.

நாம் இந்த மாதங்களில் என்ன செய்தோம்? ஏப்ரல் மாதம் சென்னையில் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்து, அதே நோயில் இறந்துபோன ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரே இரவில் மண்வெட்டி பிடித்து அவரை அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. தோபித்து என்ற பெரியவரை நினைத்துப் பாருங்கள். அரசனுக்கு அஞ்சாமல், தெருவில் கிடந்த தம் இனத்தாரின் உடல்களை எடுத்து அடக்கம் செய்தார். இறந்தோரை அடக்கம் செய்வது நமக்கு இரக்கச் செயல் என்று சின்ன வயதிலேயே ஞானோபதேசத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த மருத்துவரின் உடலில் இருந்து விலகி நிற்க நோய்க்குரிய விதிகள் இருந்தன. விரட்டச் சொன்ன விதி எதுவும் இல்லை.

செவிலியரை வீடு காலி செய்யச் சொன்னவர்கள் உண்டு. பத்தாண்டுகள் வீட்டு வேலை செய்த பெண்ணை ஒரே நாளில் வர வேண்டாம் என்று சொல்லி, சம்பளத்தையும் நிறுத்திய வீடுகள் உண்டு. குணமாகி வந்தவர் வீட்டு வாசலை இன்னும் மிதிக்காத சொந்தங்கள் உண்டு. இவை நோய் கற்றுக்கொடுத்த பழக்கங்கள் அல்ல. இந்த நோய்க்கு வெகு காலம் முன்பே நம்மிடம் ஒரு தொலைவு இருந்தது. தனித் தெரு, தனித் தேர், கல்லறையிலும் தனிப் பகுதி. ஒருவர் தொட்ட டம்ளரை வேறாக வைப்பது அந்தத் தொலைவுக்குக் கைவந்த கலை. ஆறடி இடைவெளி என்றைக்காவது முடியும். சாதி என்ற இடைவெளியை மட்டும் ஞானஸ்நானத் தண்ணீராலும் கழுவவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோமே! அது பாவம் என்று சொல்ல நான் தயங்கவில்லை.

'ஆனால் சாமி, இன்றைய நற்செய்தியிலேயே, திருச்சபைக்கும் செவிகொடுக்காதவரை வேற்றினத்தார்போலவும் வரிதண்டுபவர்போலவும் நடத்தச் சொல்லியிருக்கிறதே' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இதை எழுதிய நற்செய்தி யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறது? மத்தேயு. அவர் யார்? சுங்கச் சாவடியில் அமர்ந்திருந்த வரிதண்டுபவர். இயேசு அவரை எப்படி நடத்தினார்? அழைத்தார்; அவர் வீட்டில் பந்தி அமர்ந்தார். ஆகவே தவறியவரைத் திருச்சபை தள்ளி நிறுத்தும்போதும், அவர் திரும்பி வர வழி விட்டே நிறுத்துகிறது. அவரை மீண்டும் தேடிப் போகும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

யாழ்ப்பாணம் போன யோசேப் வாஸ் அடிகளாரையே மறுபடியும் பாருங்கள். 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோய் கண்டவர்களை உறவினர்களே காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அவர் தம் உறவினரான இன்னொரு குருவோடு அவர்களைத் தேடிப் போய், உணவு கொடுத்து, புண் கழுவி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். என் மதத்தவரா, உன் மதத்தவரா என்று பார்க்கவில்லை. 2015 சனவரி 14-இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, நாம் வணங்கியது அந்தக் கைகளைத்தான்.

அன்பார்ந்தவர்களே, நம் பங்கில் படுத்த படுக்கையாய் இருக்கும் ஒரு பாட்டி மே மாதம் தொலைபேசியில் என்னிடம் சொன்னார்: 'எல்லாரும் ரெண்டு மாசமா கோயில் இல்லன்னு அழுவுறாங்க சாமி. எனக்கு நாலு வருசமா இல்ல.' முதல் வெள்ளிதோறும் நற்கருணை வந்துகொண்டிருந்ததே பாட்டி என்றேன். 'நன்மை வந்துச்சு சாமி, ஆளுதான் வரல' என்றார்.

அந்தப் பேச்சை இன்றைய முதல் வாசகத்தோடு சேர்த்துக் கேளுங்கள். எசேக்கியேலைக் கடவுள் காவலாளியாக நிறுத்துகிறார். எச்சரிக்காமல் இருந்துவிட்டால், அழிந்துபோனவனின் இரத்தப்பழிக்குக் காவலாளியே கணக்குக் கொடுக்க வேண்டும். காவலாளி குருவானவர் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு தெருவுக்கும் அங்கே குடியிருப்பவர்தான் காவலாளி.

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் அன்பியங்களில் இந்த வாரமே பேசுங்கள். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆகியோரை வீட்டிலேயே இருக்கும்படி அரசின் வழிகாட்டுதல் கேட்டுக்கொண்டது. நமக்குக் கதவு திறந்துவிட்டது; அவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. பெயர் பெயராகக் குறித்து, ஒருவருக்கு ஒரு வீடு என்று பொறுப்பு எடுங்கள். வாரம் ஒருமுறை வாசலில் நின்று, முகக்கவசத்தோடு, 'நல்லா இருக்கீங்களா' என்று கேளுங்கள். அதற்கு ஆறடி போதும்.

இரண்டாவது, வேலை இழந்தவர்கள். கேட்க வெட்கப்பட்டு அரைவயிறாய் இருப்பவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் ஓசையில்லாமல் சொல்லுங்கள். அன்பு ஒன்றைத் தவிர வேறு கடன் வேண்டாம் என்கிறார் பவுலடியார். அந்தக் கடனை நாம் அடைத்து முடிப்பதே இல்லை.

மூன்றாவது, இந்த மாதங்களில் சாவு கண்ட வீடுகள். முகம் பார்க்காமல், நோயில்பூசுதல் பெறாமல் போய்விட்டாரே என்று பலர் உள்ளுக்குள் நொந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் ஆறுதலைச் சொல்கிறேன். மார்ச் 20-ஆம் நாள் வத்திக்கானிலிருந்து ஓர் ஆணை வெளிவந்தது. அருளடையாளம் பெற முடியாமல் இறப்பவர் நல்ல மனநிலையோடும், வாழ்நாளில் செபித்த பழக்கத்தோடும் இருந்தால், மரண வேளையில் பரிபூரணப் பலனைத் திருச்சபை அவருக்கு வழங்குகிறது. உங்கள் தாயும் தகப்பனும் தனியாகச் சாகவில்லை. திருச்சபை முழுவதும் அவர்கள் பக்கத்தில் மண்டியிட்டிருந்தது. இப்போது நீங்கள் அந்த வீடுகளுக்குப் போங்கள். அன்று நிற்க முடியாத பந்தலில் இன்று நில்லுங்கள்.

நாளை மறுநாள் நம் தாயின் பிறப்பு விழா. கல்வாரியில் பலர் தூரத்தில் நின்று பார்த்தார்கள். தாய் சிலுவையருகே நின்றார். ஆண்டவரை இறக்கி வைக்க அவரால் முடியவில்லை. அவரை விட்டுப் போகவும் இல்லை. ஒன்றும் செய்ய முடியாத நேரத்திலும் பக்கத்தில் நிற்கும் அந்த வரத்தை நமக்குப் பெற்றுத்தர மன்றாடுவோம்.

அன்புத் தந்தையே, நோயின் காரணமாக விலகி நிற்கும் நாங்கள், ஒருவரையும் விலக்கி வைக்காதபடி எங்கள் இதயத்தைக் காத்தருளும். தூரத்தில் நின்று கூவுகிறவர்களின் குரல் எங்கள் காதில் விழச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.