“அட்வான்ஸ் வாங்கியிருந்தாங்களா டீச்சர்?”

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

‘அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகள்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் ‘புரட்சிகளின் காலம்’ நடத்துகிற நம் எல்லோருக்கும் பழகிய தலைப்புதான். பாஸ்டன் தேநீர் விருந்து 1773, சுதந்திரப் பிரகடனம் 1776, யார்க்டவுன் 1781. ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் பொருத்துகவில் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன்.

என் பள்ளி கும்மிடிப்பூண்டி பக்கம். சிப்காட் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற பிள்ளைகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள், செங்கல் சூளையிலிருந்து வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பாடத்தை நடத்தும்போது, எல்லா மனிதரும் சமம் என்று பிரகடனத்தில் எழுதிய ஜெபர்சனே வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார் என்று சொன்னேன். வகுப்பில் சலசலப்பு. “அவங்க ஏன் டீச்சர் ஓடிப் போகல?” என்று ஒரு பெண் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: “அட்வான்ஸ் வாங்கியிருந்தாங்களா டீச்சர்?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். “இல்லப்பா, அவங்களையே விலைக்கு வாங்கிட்டாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அந்தப் பையன் இருளர் குடும்பத்துப் பிள்ளை. அவன் அப்பாவும் அம்மாவும் சூளையில் கல் அறுப்பவர்கள். அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்த வகையில், ஒரு மனிதன் ஓர் இடத்தை விட்டுப் போக முடியாமல் இருப்பதற்கு ஒரே காரணம் அதுதான். இது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

அடுத்த வாரம் புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்து இரண்டு பாடவேளை எடுத்துக்கொண்டேன். முதலில் 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பு. ஐந்து பிள்ளைகளை முன்னால் நிற்கவைத்து, “இவங்க மூணு பேர்” என்றேன். யாருக்கும் புரியவில்லை. பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று மக்கள்தொகையை வைத்து முடிவு செய்யும்போது, ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்கள். அடிமைக்கு ஓட்டு இல்லை. ஆனால் அவன் தலையை எண்ணி எஜமானின் மாநிலத்துக்குக் கூடுதல் இடம். உலகம் போற்றுகிற ஓர் அரசமைப்பு இந்தக் கணக்கையும் சுமந்துகொண்டுதான் பிறந்தது. பிள்ளைகளுக்கு இதை மறைக்க வேண்டியதில்லை. ஐந்து பேரை நிற்கவைத்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

அது எங்கேயோ நடந்த கதை என்று தோன்றாமல் இருக்கப் பழவேற்காட்டையும் சொன்னேன். 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1619இல் ஆப்பிரிக்க மனிதர்கள் வர்ஜீனியாவில் இறக்கி விற்கப்பட்டார்கள். அதே நூற்றாண்டில், பஞ்சத்தில் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற நம் கரை மக்களை டச்சுக் கப்பல்கள் பழவேற்காட்டிலிருந்து பட்டேவியாவுக்கு ஏற்றிச் சென்றன. சுற்றுலா போகும்போது டச்சுக் கல்லறை வாசலில் இருக்கும் எலும்புக்கூட்டுச் சிற்பத்தோடு பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கப்பலில் போனவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. (இன்னொரு செய்தியையும் இடையில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விடுதலைப் போரில் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் எதிரெதிராக நின்றதால்தான் 1781இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைப் பிடித்தார்கள். யார்க்டவுன் நடந்த அதே வருடம். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.)

பிறகு உள்நாட்டுப் போர். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1. நாம் எழுதிப் போடுகிற ஆண்டு அதுதான். ஆனால் அது கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தியது. லிங்கன் பக்கம் நின்ற கென்டக்கி போன்ற மாநிலங்களில் அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். டெக்சாஸின் கால்வெஸ்டனில் அந்த உத்தரவு அறிவிக்கப்பட்டபோது 1865 ஜூன் 19 ஆகிவிட்டது. நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தம் அந்த டிசம்பரில் வந்தது.

இங்கே நிறுத்தினால் பாடம் முடிந்துவிடும். நான் நிறுத்தவில்லை, பையனின் கேள்விக்கான பதில் இதற்குப் பிறகுதான் வருகிறது.

விடுதலை கிடைத்தவனுக்கு நிலம் இல்லை. தென் கரோலினா கடற்கரைப் பக்கம் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை கொடுக்க ஷெர்மன் என்ற தளபதி 1865 ஜனவரியில் ஆணையிட்டார். லிங்கனுக்குப் பின் வந்த ஜான்சன் அதே வருடத்தில் அந்த நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் போட்டது: கறுப்பின மக்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் வேலைக்கான எழுத்துச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பிடிக்கலாம். வேறு வழியில்லாமல் அவர்கள் பழைய முதலாளியிடமே வாரத்துக்குப் போனார்கள். விதை கடன், ஏர் பூட்டும் கழுதை கடன், சாப்பாடும் கடன். பருத்தியை எடை போட்டுக் கணக்குப் பார்த்தால் வருடக் கடைசியில் பாக்கி நிற்கும். கணக்கு நோட்டு முதலாளியிடம். பாக்கி அடுத்த வருடத்துக்குப் போகும்.

“எங்க அப்பாவுக்கும் அப்படித்தான் டீச்சர். சீசன் முடிஞ்சாதான் கணக்குப் பார்ப்பாங்க” என்றான் அவன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நம் பக்கத்துத் தேதிகளையும் அடுத்தடுத்து எழுதிப் போட்டேன். 1843: அடிமை மீது எஜமானுக்குள்ள உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று கம்பெனி அரசின் சட்டம். 1892: பஞ்சமி நில ஆணை. அப்போது பொன்னேரியும் திருவள்ளூரும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அந்த மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை எழுதிய அறிக்கைதான் அதற்கு வழிவிட்டது. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பதை அவரவர் ஊரில் விசாரித்துப் பாருங்கள், 40 ஏக்கர் கதை விளங்கும். 1950: அரசமைப்பின் 23ஆவது பிரிவு. 1976: கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம். அதன் 6ஆவது பிரிவின்படி கொத்தடிமைக் கடன் அடியோடு ரத்து. திருப்பிக் கொடுக்க வேண்டியதே இல்லை. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். வாங்கியவர் எதையும் நிரூபிக்க வேண்டாம். 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்றது. அமெரிக்காவிலும் 1865இல் முடிந்ததாக நினைத்த காரியத்துக்கு, ஓட்டுரிமை மட்டில் 1965 வரை போராட வேண்டியிருந்தது.

இவ்வளவையும் நடத்தினேன். நன்றாக நடத்தினேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை.

சூளைக்குப் போய்ப் பார்த்தேன். அவன் களிமண் மிதித்துக்கொண்டிருந்தான். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “ஆயிரம் கல்லுக்குத்தான் கணக்குங்க டீச்சர். அவனும் கை கொடுத்தா பாக்கி கொஞ்சம் குறையும்” என்றார். எவ்வளவு பாக்கி என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிய 6ஆவது பிரிவு என் தொண்டையில் நின்றது. மேஸ்திரி பக்கத்தில் நின்றிருந்தார். நான் சொல்லவில்லை. “பையனை அனுப்புங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பள்ளியில், நமக்கு எதற்கு இந்த வம்பு என்றார்கள். இரண்டு வாரம் நானும் அப்படியே இருந்தேன். அந்த இரண்டு வாரத்தைப் பற்றி இங்கே பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஒரு மனு எழுதி வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். விசாரணை நடந்தது, அந்தக் குடும்பத்துக்கு விடுவிப்புச் சான்று கிடைத்தது. அவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவன், “அந்த நாப்பது ஏக்கரை அப்புறமாவது குடுத்தாங்களா டீச்சர்?” என்று கேட்டான். இல்லை என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். இப்போது அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறான். அங்கே தலைமையாசிரியரிடம் போனில் பேசி உறுதி செய்துகொண்டேன்.

உங்கள் மேசையில் ஒரு வெற்றுத் தாள் இருக்கிறது. போன வருட ஜனவரி, பிப்ரவரி வருகைப் பதிவேட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பொங்கலுக்குப் பிறகு தொடர்ந்து வராமல் போன பிள்ளைகளின் பெயர், வகுப்பு, பெற்றோர் செய்யும் வேலை. தெரிந்த அளவு எழுதினால் போதும். உங்கள் பெயரை எழுத வேண்டாம். மதிய உணவுக்கு முன் வாங்கிக்கொள்கிறேன். மனுவோடு சேர்த்து நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.